விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடலாமா? அமெரிக்கச் சட்டத்தில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

“ரேஞ்சுல சும்மா பத்து ரவுண்டு சுட்டேண்ணா. துப்பாக்கி அவங்களோடது, வாடகைக்கு எடுத்ததுதான். அதுல என்ன தப்பு?”

அமெரிக்காவில் எச்1பி விசாவில் வேலை பார்க்கும் தம்பிகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. டீம் அவுட்டிங், நண்பனின் பேச்சலர் பார்ட்டி என்று ஏதோ ஒரு சாக்கில் சுடுதளத்துக்குப் போய்விடுகிறார்கள். போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அப்புறம் கேட்கிறார்கள். எச்1பி (வேலை), எச்4 (எச்1பிக்காரரின் குடும்பம்), எல்1 (கம்பெனி மாற்றல்), எஃப்1 (மாணவர்), பி2 (சுற்றுலா) என எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும், காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம், அதாவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். பத்து நிமிடம் வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் வைத்திருந்த கணக்குதான். 2022க்குப் பிறகு இதற்கு அதிகபட்ச தண்டனை 15 ஆண்டு சிறை.

கவுண்டரில் இருக்கும் பையன் டிரைவிங் லைசென்ஸைப் பார்ப்பான், ஒரு தாளில் கையெழுத்து வாங்குவான், காது மூடியையும் கண்ணாடியையும் எடுத்துக் கொடுப்பான். விசாவைப் பற்றி வாயே திறக்கமாட்டான். அவன் கேட்கவில்லை என்பதால் சட்டம் உங்களை விட்டுவிடாது. அந்தத் தாளைப் படித்துப் பார்த்தால், ‘துப்பாக்கி வைத்திருக்கச் சட்டப்படி எனக்குத் தடை இல்லை’ என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அதற்குக் கீழேதான் உங்கள் கையெழுத்து.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஃப்ளோரிடாவில் மாணவர் விசாவில் படித்த ரெஹைஃப் என்பவரை, மார்க் குறைந்ததால் பல்கலைக்கழகம் நீக்கியது. அதன்பிறகு அவர் ஒரு ரேஞ்சுக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார். 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தான் சட்டவிரோதமாக நாட்டில் தங்கியிருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு சாதகம்தான். ஆனால் அதை வாங்க அவர் எத்தனை ஆண்டு வழக்காடினார் என்று யோசியுங்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பெரிய துப்பாக்கிச் சட்டங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு துப்பாக்கிச் சூடு இருக்கிறது. கும்பல் சண்டைகளில் இயந்திரத் துப்பாக்கிகள் வெடித்த காலத்தில் 1934ல் அவற்றுக்கு 200 டாலர் வரியும் பதிவும் வந்தன. அதிபர் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி பத்திரிகை விளம்பரம் பார்த்து 20 டாலருக்குத் தபாலில் வாங்கியது. ஆனாலும் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சாகும் வரை காத்திருந்து, 1968ல்தான் தபால் விற்பனையை நிறுத்தினார்கள். யாரெல்லாம் வைத்திருக்கக் கூடாது என்ற பட்டியலும் அந்தச் சட்டத்தில் விரிந்தது. அதிபர் ரீகனைச் சுட்டபோது குண்டடிபட்ட அவரது பத்திரிகைச் செயலாளர் பிரேடியின் பெயரில் 1993ல் பின்னணிச் சோதனைச் சட்டம் வந்தது. 1997ல் சுற்றுலா விசாவில் வந்த ஒருவர் ஃப்ளோரிடாவில் துப்பாக்கி வாங்கி, நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பார்வைத் தளத்தில் சுட்டார். அடுத்த ஆண்டே தற்காலிக விசாக்காரர்கள் எல்லோரும் தடைப் பட்டியலில் ஏறினார்கள். நம்மைக் கட்டிப்போடும் விதி அதுதான்.

வேட்டை லைசென்ஸ் என்ற வாசல்

விதிவிலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, நடப்பில் உள்ள வேட்டை லைசென்ஸ் இருந்தால் எச்1பிக்காரரும் சுடலாம், வாங்கலாம். வேட்டைக்குப் போயிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டுக் கட்டணம் கட்டினால் லைசென்ஸ் கிடைத்துவிடும்.

ஆபத்து இதற்குப் பிறகுதான். லைசென்ஸ் பெரும்பாலும் வருடாந்திரம். அது முடிந்த மறுநாள் முதல் உங்கள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கி குற்றப் பொருள். யாரும் நினைவூட்டல் அனுப்பமாட்டார்கள். இதைவிட மோசமானது வேலை போவது. லேஆஃபுக்குப் பிறகு 60 நாள் அவகாசமும் தீர்ந்து, வேறு விண்ணப்பம் எதுவும் இல்லாமல் நாட்டில் தங்கினால், சட்டவிரோதமாகத் தங்கியவர் என்ற வேறு தடைப் பிரிவுக்குள் விழுந்துவிடுகிறீர்கள். அங்கே வேட்டை லைசென்ஸ் செல்லாது. வேலை தேடும் பதற்றத்தில் அலமாரியில் இருப்பது யாருக்கு ஞாபகம் வரும்? விசா ஆட்டம் காண ஆரம்பித்த அன்றைக்கே, லைசென்ஸ் உள்ள டீலரிடம் விற்று ரசீது வாங்கிவிடுங்கள்.

கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்துவிட்டது, வரிசையில் பத்து வருஷமாக நிற்கிறோம், அதனால் நாங்களும் கிரீன் கார்டு மாதிரிதான் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிடையாது. கார்டு கைக்கு வரும் வரை எச்1பி எச்1பிதான். கார்டு வந்தபின் ஃபெடரல் சட்டத்தில் இந்தத் தடை நீங்கும்.

வீட்டில் ஒருவருக்குக் குடியுரிமை, இன்னொருவருக்கு எச்4, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு பி2 என்று இருந்தால், பெட்டகத்தின் சாவியோ எண்ணோ உரிமை உள்ளவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது. எடுத்துப் பயன்படுத்த வசதியும் எண்ணமும் இருந்தாலே அவரும் வைத்திருந்ததாக அரசு வழக்குப் போட முடியும்.

இன்னொரு குறுக்கு வழியையும் மறந்துவிடுங்கள்: சிட்டிசன் நண்பனிடம் பணத்தைக் கொடுத்து வாங்கச் சொல்வது. முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் தன் மாமாவுக்காக 400 டாலர் காசோலை வாங்கிக்கொண்டு, போலீஸ் தள்ளுபடியில் கிளாக் துப்பாக்கி வாங்கினார். மாமாவுக்கும் சட்டப்படி வைத்திருக்கத் தகுதி இருந்தது. அப்படியும், உண்மையான வாங்குபவர் நான்தான் என்று படிவத்தில் பொய் சொன்னதற்காக அவருக்கு விழுந்த தண்டனையை 2014ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தகுதியே இல்லாத விசாக்காரருக்காக வாங்கிக் கொடுப்பவரின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபார்ம் 4473: நம்முடைய பெயரே பிரச்சினை

துப்பாக்கி வாங்கப் போனால், பின்னணிச் சோதனைக்காகக் கடையில் நீட்டும் படிவம் இது. தெரிந்தே பொய் எழுதினால் சிறை. நம்மவர்கள் பொய் எழுதுவதில்லை, பெயரில்தான் தடுக்கி விழுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு விதம், டிரைவிங் லைசென்ஸில் ஒரு விதம், கிரீன் கார்டில் அப்பா பெயர் முன்னால் என்று இருந்தால் சோதனை அங்கேயே சிக்கிவிடும். கடைக்குப் போகும் முன் எல்லா ஆவணங்களையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சட்டப்படி உங்கள் பெயரில் இருப்பது வெறும் இனிஷியல்தான் என்றால் அதன் பக்கத்தில் ‘ஐஓ’ என்றும், நடுப்பெயர் இல்லை என்றால் ‘என்எம்என்’ என்றும் எழுதச் சொல்லிப் படிவத்திலேயே இருக்கிறது. கடைக்காரர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமில்லை என்று போட்டிருப்பார்கள். கொடுத்துவிடுங்கள். நாட்டில் எத்தனையோ குமார்கள் இருக்கிறார்கள், அதில் ஒரு குமாரின் குற்றப் பதிவு உங்கள் தலையில் விழாமல் தடுக்க அந்த எண்தான் உதவும். குடியுரிமை இல்லாதவர்கள் ஏலியன் எண்ணையோ ஐ-94 எண்ணையோ எழுத வேண்டும். அவர்களுக்கான சோதனை குடியேற்றத் துறைப் பதிவுகளுக்கும் போகும், அதனால் தாமதம் சகஜம்.

முகவரி அடுத்த கண்ணி. அடையாள அட்டையில் இப்போது குடியிருக்கும் முகவரி இருக்க வேண்டும். வீடு மாறி லைசென்ஸை மாற்றாமல் விட்டிருந்தால், வண்டிப் பதிவுச் சான்று மாதிரி அரசு கொடுத்த இன்னொரு தாள் வேண்டும். அபார்ட்மென்ட் லீஸும் தனியார் கம்பெனி கரண்ட் பில்லும் செல்லாது. இதற்காகவே திரும்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம்.

கஞ்சா பற்றிய கேள்விக்கு உங்கள் மாநிலச் சட்டத்தை நினைத்துப் பதில் சொல்லாதீர்கள். மாநிலம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டத்தில் அது தடைதான் என்று படிவமே எச்சரிக்கிறது. மனநல மருத்துவரைப் பார்த்தால் தடை வந்துவிடும் என்ற பயமோ தேவையற்றது. நீங்களாகப் போய் சிகிச்சை எடுப்பது தடையாகாது, நீதிமன்றமோ அதிகாரம் உள்ள அமைப்போ கட்டாயப்படுத்தினால்தான் ஆகும்.

மாநிலச் சட்டம் தனிக் கதை. நியூஜெர்சியில் முதலில் போலீஸ் கொடுக்கும் அட்டை வேண்டும். மாநிலத்தில் வசிப்பவருக்கு 30 நாளில் கொடுக்கச் சட்டம் சொல்கிறது, மாதக்கணக்கில் இழுப்பார்கள். இல்லினாய்ஸிலும் இப்படி ஓர் அட்டை உண்டு. விண்ணப்பித்த தேதிக்கான ஆதாரத்தைப் பத்திரமாக வையுங்கள், தாமதமானால் எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்ட எதற்கும் பதிவு இருக்காது.

‘டிலேட்’, ‘டினைட்’ என்று வந்தால்

பின்னணிச் சோதனையின் பதில் டிலேட் (தாமதம்) என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் எஃப்பிஐ முடிவு சொல்லாவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. 21 வயதுக்கு உட்பட்டவருக்கு இது 10 வேலை நாள் வரை நீளும். 30 நாள் தாண்டினால் சோதனை செல்லாது, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் இதே கதை என்றால் எஃப்பிஐயின் தன்னார்வ மேல்முறையீட்டுக் கோப்பில் கைரேகையோடு பதிவு செய்து தனி எண் வாங்குங்கள். அடுத்த முறை படிவத்தில் அந்த எண்ணை எழுதினால் போதும்.

டினைட் (மறுப்பு) என்றால் கடைக்காரரிடம் வாதாடாதீர்கள், அவருக்குக் காரணம் தெரியாது. பரிவர்த்தனை எண்ணை மட்டும் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் ஒன்றும் நகராது. அடுத்து, சோதனை செய்தது எஃப்பிஐயா உங்கள் மாநிலமா என்று கேளுங்கள். சில மாநிலங்கள் தாங்களே சோதிக்கின்றன. இது தெரியாமல், எஃப்பிஐயின் சோதனை அலுவலகம் இருக்கும் மேற்கு வர்ஜீனியாவுக்கு எழுதி, அங்கிருந்து மாநிலத்துக்கு அனுப்பப்பட்டு, மாநிலம் மறுபடி உள்ளூர் நீதிமன்றத்தைக் கைகாட்டி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய வழக்கு தள்ளுபடியான விவரம் கணினியில் ஏறாமல் கிடப்பதுதான் பல நேரம் காரணம். அந்த நீதிமன்ற எழுத்தரிடம் முத்திரையிட்ட நகல் வாங்கி நீங்களேதான் அனுப்ப வேண்டும். அவர்கள் செய்யாத வேலையின் சுமை உங்கள் மேல்.

2022 முதல் இன்னொன்றும் உண்டு: டினைட் ஆன செய்தி 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீஸுக்குப் போய்விடும். “கேட்டுத்தான் பார்ப்போமே” என்று விசாக்காரர் யாரும் கடையில் படிவம் நிரப்பாதீர்கள்.

நல்லவர்களை இப்படி அலைக்கழிக்கும் இதே கணினி, தடுக்க வேண்டியவனைத் தடுக்கவில்லை. 2007 ஏப்ரல் 16ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபிச்செட்டிபாளையத்துப் பேராசிரியர் ஜி.வி.லோகநாதன், வகுப்பறையில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். சுட்டவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005லேயே நீதிபதி ஒருவர் எழுதி, சிகிச்சைக்கும் உத்தரவிட்டிருந்தார். வெளிநோயாளி சிகிச்சைதானே என்று மாநிலம் அந்தப் பதிவை அனுப்பவில்லை. சோதனையில் தேறி இரண்டு துப்பாக்கிகள் வாங்கினான். பதிவுகளை அனுப்ப வைக்கும் சட்டம் 2008 ஜனவரியில்தான் கையெழுத்தானது.

பயணத்தில்

துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்ல உங்கள் மாநிலம் கொடுத்த பெர்மிட் பக்கத்து மாநிலத்தில் செல்லும் என்று நம்பி எல்லையைத் தாண்டாதீர்கள். பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்த ஒரு தாய், 2013ல் நியூஜெர்சியில் போலீஸ் வண்டியை நிறுத்தியபோது துப்பாக்கி இருப்பதைத் தானே நேர்மையாகச் சொன்னார். கைதுதான் பலன். கடைசியில் 2015ல் ஆளுநர் மன்னிப்பு கொடுத்துத்தான் தப்பித்தார். குடியுரிமை இல்லாதவருக்கு இதில் கூடுதல் அடி உண்டு: துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம்.

வீட்டுச் சண்டை, 911, ஒரு கையெழுத்து

கணவன் மனைவி சண்டையில் போலீஸ் வந்து வழக்கானால், “சின்னக் குற்றம், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போங்கள்” என்பார்கள். மனைவியைத் தள்ளியதற்கான சின்னக் குற்றமாக இருந்தாலும் 1996 சட்டப்படி அநேகமாக வாழ்நாள் முழுக்கத் துப்பாக்கித் தடை. கிரீன் கார்டுக்கும் அதே கையெழுத்து உலை வைக்கலாம். ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அடிவாங்கும் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பாதுகாப்பு உத்தரவு கேட்க எந்த விசா என்பது பொருட்டில்லை, எச்4 ஆனாலும் கேட்கலாம். ஆனால் உத்தரவு வந்ததும் வீட்டிலுள்ள துப்பாக்கியை யாரோ வந்து எடுத்துப்போவார்கள் என்று நம்பியிருக்காதீர்கள். ஃபெடரல் சட்டம் அடித்த கணவர் வைத்திருக்கக் கூடாது என்று சொல்கிறது, யார் போய் வாங்குவது என்று சொல்லவில்லை. முதல் நாள் அவரில்லாமல் கொடுக்கும் தற்காலிக உத்தரவுக்கு அந்த ஃபெடரல் தடையும் கிடையாது. அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, விசாரணை நடந்தபின் வரும் உத்தரவுக்குத்தான். சில மாநிலங்களில் மட்டும் தற்காலிக உத்தரவிலேயே எடுக்கலாம்.

அதனால் மனுவிலேயே எழுதுங்கள், அக்கா: என்ன துப்பாக்கி, எத்தனை, எந்த அறையில், எந்தப் பூட்டுக்குள், அலமாரியிலா கார் டிக்கியிலா. போட்டோ இருந்தால் இணையுங்கள். விசாரணை நாளில் நீதிபதியிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: எந்தத் தேதிக்குள், எந்தக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒப்படைத்த ரசீது நீதிமன்றத்துக்கு வந்ததா என்று அந்தத் தேதி முடிந்த மறுநாளே எழுத்தரைக் கேளுங்கள். வரவில்லை என்றால் அன்றைக்கே உத்தரவு நகலோடு போலீஸிடம் போங்கள்.