நான்காவது குழாயும் பேசாதபோது

"ரத்தத்துல டெஸ்ட் எடுத்தாச்சு டாக்டர், டிபி இல்லைன்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு நோயாளி ஃபைலை நீட்டினார். எச்ஐவி இருப்பது தெரிந்து நாலு வருடம். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையைக் கடைசி ஏழெட்டு மாதமாக விட்டுவிட்டார். மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல். இடுப்பு பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தார்.

ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அதில் 'நெகட்டிவ்' என்று எங்குமே இல்லை. 'முடிவு கூற இயலவில்லை' என்றுதான் இருந்தது. இரண்டும் வேறு வேறு என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு ஆதங்கம் அங்கேதான்.

அவருக்கு எடுத்தது இக்ரா டெஸ்ட். இது காசநோய்க் கிருமியைத் தேடுவதே இல்லை. அந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்த வெள்ளணுக்கள் ரத்தத்தில் உண்டா என்று பார்க்கிறது. குவான்டிஃபெரான் பிளஸ் முறையில் நாலு சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் 1 மில்லி ரத்தம். ஒன்றில் எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டில் கிருமியின் புரதத் துண்டுகள் இருக்கும். நான்காவதில், எப்படிப்பட்ட வெள்ளணுவையும் உசுப்பிவிடும் ஒரு பொருள். 37 டிகிரி சூட்டில் 16 முதல் 24 மணி நேரம் வைத்துவிட்டு, அணுக்கள் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்தனவா என்று அளப்பார்கள். இவருடைய நான்காவது குழாயும் சும்மா கிடந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல உடம்பில் ஆள் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். எச்ஐவி அழிக்கும் வெள்ளணு வகையான சிடி4 அணுக்கள் குறைந்த ஒருவரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டி "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்பது ஆபத்து.

எச்ஐவி இல்லாதவர்களுக்குச் சிக்கல் நேர்மாறானது. அவர்களுடைய அணுக்கள் தெம்பாகப் பதில் சொல்லும், பாசிட்டிவ் வரும். ஆனால் என்றோ உள்ளே போய் உறங்கும் கிருமிக்கு வந்த பதிலா, இன்று நுரையீரலை அரிக்கும் நோய்க்கு வந்த பதிலா என்பது அந்த எண்ணில் தெரியாது. கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறுகிறது. அதனால் வெறும் இக்ரா பாசிட்டிவை வைத்து நோய்க்கான மருந்தைத் தொடங்கக் கூடாது. தடுப்பு மருந்து யாருக்குத் தேவை என்று முடிவெடுக்கத்தான் அது உதவும். எச்ஐவி உள்ளவர்களுக்கு, நோய் இல்லை என்று உறுதியானால், இக்ரா எடுக்காமலேயே தடுப்பு மருந்து கொடுக்கலாம்.

ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் பழைய துரித டெஸ்ட்கள் வேண்டவே வேண்டாம். இருப்பவருக்கு இல்லை என்றும் இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் சொன்னதால் 2011இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைக் கைவிடச் சொன்னது. 2012இல் இந்தியா தடையே விதித்தது.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். அன்று நான் முதலில் கேட்டது சிறுநீர். கிருமியின் செல்சுவரிலிருந்து உதிரும் லாம் என்ற பொருள் சிறுநீரில் இறங்கும். பட்டையில் 60 மைக்ரோலிட்டர் விட்டு 25 நிமிடம் காத்திருந்தோம். இரண்டாவது கோடு மங்கலாகத்தான் எழுந்தது. வெளிச்சத்தில் பிடித்து, மாதிரி அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பாசிட்டிவ். சிடி4 குறையக் குறைய இந்த டெஸ்ட் கூடுதலாகப் பிடிக்கும், ரத்த டெஸ்ட்டுக்கு அப்படியே எதிர். ஆனால் இதிலும் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று நம்பிவிட முடியாது.

விரல் நுனி ரத்தத்தில் மூன்று மரபணுக்களின் அளவைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்குள் சொல்லும் டெஸ்ட்டும் ஆராய்ச்சிகளில் சோதிக்கப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் நிறைய நம்பிக்கை உண்டு, சளியே வராதவர்களுக்கு வேறு என்ன வழி? ஆனால் அதுவும் உடம்பின் பதிலைத்தான் படிக்கிறது. யாரை மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். எச்ஐவி உள்ளவர்களிடம் முதல் சல்லடையாக, உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி அளவைப் பார்ப்பதும் அப்படித்தான். அதைவிட எளியது, ஒவ்வொரு முறை வரும்போதும் நாலு கேள்வி கேட்பது: இருமல் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ராத்திரி வியர்க்கிறதா? எச்ஐவி உள்ளவருக்கு இருமல் இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

சிறுநீரில் தெரிந்ததுமே மருந்தைத் தொடங்கிவிட்டோம். ஆனால் டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதைச் சிறுநீர் சொல்லாது. அதற்குச் சளி வேண்டும், கிருமியின் மரபணுவைப் பார்க்கும் ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். முதலில் அவர் கொடுத்தது நுரை நுரையாக வெறும் எச்சில். வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னேன். திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் பிடித்து, விடச் சொன்னேன். அப்படி மூன்று தடவை, அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல். இரண்டு முறை ஒன்றும் வரவில்லை. மூன்றாவது முறை டப்பாவின் அடியில் கெட்டியாக, மஞ்சளாக ஒரு டீஸ்பூன் அளவு விழுந்தது. மூடியை இறுக்கித் திருகி அவரே லேப் ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார்.

மாலையில் ரிசல்ட் வந்தது. ரிஃபாம்பிசின் அவருக்கு வேலை செய்யும். விட்டுப்போன ஏஆர்டி மாத்திரையை மறுபடி தொடங்க அடுத்த வாரமே வரச் சொல்லி, சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தேன்.