குளிசை போடுகிறீர்கள், சரி. பிரஷர் இறங்கியதா?

போன கிளினிக்கில் ஓர் அக்கா வந்தார். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். ஐந்து வருடமாக பிரஷருக்கு லொசார்டன் குளிசை போடுகிறார். பார்த்தால் 168/98. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், 164/96.

“நான்தான் ஒழுங்கா குளிசை போடுறேனே டொக்டர்.”

உண்மைதான், ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனால் கிளினிக் கொப்பியைப் புரட்டினால் ஒன்றரை வருடமாக ஒவ்வொரு பக்கத்திலும் மேல் எண் 160ஐத் தாண்டித்தான் இருக்கிறது. மருந்து மட்டும் மாறவேயில்லை. இது அவருடைய பிழை இல்லை, வைத்தியர்களான எங்கள் பிழை.

மாரடைப்பைத் தடுப்பது குளிசை போடும் பழக்கம் அல்ல, எண் இறங்குவதுதான். நடுத்தர வயதில் மேல் எண் 115க்கு மேல் ஒவ்வொரு 20 ஏறும்போதும் மாரடைப்பால் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதனால் குறைந்தது 140/90க்குக் கீழே வரவேண்டும். உடம்பு தாங்கினால், முக்கியமாக சீனி வருத்தமும் இருந்தால், 130/80க்குக் கீழே.

பலருக்கு ஒரு மருந்து போதாது. 2018இல் வெளியான ஆய்வு ஒன்று நம் இலங்கையிலேயே 700 பேரிடம் நடந்தது. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் 100க்கு 70 பேருக்கு பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழமையான சிகிச்சையில் 55 பேருக்குத்தான். ‘இரண்டாவது குளிசை எழுதிவிட்டார், வருத்தம் முற்றிவிட்டது’ என்று யாரும் பயப்பட வேண்டாம்.

அந்த அக்காவிடம் வேறு என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். டைக்குளோஃபெனாக். நாள் முழுக்க மலைச்சரிவில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கினால் இடுப்பு வலிக்காதா? கடையில் வாங்கி இரவில் ஒன்று போட்டுக்கொள்கிறார். இந்த வகை வலிக்குளிசைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், லொசார்டனின் வேலையையும் கெடுக்கும். நெடுநாள் போட்டால் மாரடைப்பு ஆபத்தும் கூடும். வலிக்கு பரசிட்டமோலும் ஒத்தடமும் போதுமா என்று முதலில் பாருங்கள்.

கிளினிக் நாளில் காலைக் குளிசையை விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச்சொன்னாலும், வேறு விதமாகச் சொல்லாவிட்டால் பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு போட்டுவிட்டே வாருங்கள். கருவாடு, ஊறுகாய், ரொட்டிக்குச் சம்பல் என்று எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. அதைக் குறையுங்கள்.

அக்காவுக்கு வலிக்குளிசையை நிறுத்தி, அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் குளிசையைச் சேர்த்தோம். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இந்த மாதமும் வந்தார். 144/88. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும், அளவைக் கூட்டியிருக்கிறேன்.