நான்காவது மாதத்தில் வரும் கலாச்சார அதிர்ச்சி

ஜெர்மனியில் முதுகலை படிக்கச் செல்லும் தமிழ் மாணவர்களுக்கு இணையவழியில் உளவியல் ஆலோசனை வழங்கி வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் போய் இறங்கிய புதிதில் என்னைத் தேடி வருவதில்லை. அக்டோபரில் வகுப்புகள் தொடங்கும்போது முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீடு என்ற அலைச்சலிலேயே நாட்கள் ஓடிவிடுகின்றன. அவையெல்லாம் முடிந்து குளிரும் பிடித்த பிறகு, ஜனவரி வாக்கில்தான், "காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, மேடம்" என்கிறார்கள்.

மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் கலாச்சார அதிர்ச்சி எனப்படும் இந்நிலையை விளக்கினார். எப்போது கைகுலுக்குவது, எந்தப் பேச்சை மெய்யென்று கொள்வது என, யோசிக்காமலேயே நமக்குப் பழகிப்போன அடையாளங்கள் பயனற்றுப் போவதால் எழும் பதற்றம் என்றார். ஓயாமல் கைகழுவுவது, குடிநீரையும் உணவையும் பற்றிய மிகையான கவலை, எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்ற அச்சம், ஊர் திரும்பும் தீராத ஏக்கம் ஆகியவற்றை அறிகுறிகளாகக் குறிப்பிட்டார். இவற்றுள் ஏமாற்றப்படும் அச்சத்தையே நான் அதிகம் கேட்கிறேன்.

ஒரு மாணவரின் அறைக் கதவில் பக்கத்து அறைக்காரர் சீட்டு ஒட்டியிருந்தார். தன்னை விரட்டப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டிய மாணவர், அன்றிலிருந்து பொதுச் சமையலறைப் பக்கமே போகவில்லை. சீட்டைக் கேமரா முன் பிடிக்கச் சொல்லி இருவரும் வரிவரியாகப் படித்தோம். இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் மெதுவாகப் பேசும்படி கேட்டிருந்தது. முடிவில் வாழ்த்தும் இருந்தது. பத்து மணிக்கு மேல் அமைதி காப்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நடைமுறை. நம் ஊரில் ஜாடையாகச் சொல்வதை அங்கே நேராக எழுதிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

பருவநிலையின் பங்கையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். டிசம்பரில் பெர்லினில் காலை எட்டு மணிக்கு மேல் விடிந்து, மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னே தள்ளுவதால் இந்தியாவுடனான நேர வேறுபாடு மூன்றரையிலிருந்து நாலரை மணி நேரமாகிறது. பிள்ளை ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பும்போது இங்கே பதினொன்றரை. வீட்டில் எல்லோரும் உறங்கியிருப்பார்கள். கடைகள் அடைத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளே பலருக்குக் கழிக்க முடியாதவையாக இருக்கின்றன.

இந்த வேளையில் "எல்லாரும் போய்ச் சமாளிக்கலையா, உனக்கு மட்டும் என்னப்பா?" என்று கேட்டுவிட்டால், பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. கல்விக் கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். சாப்பிட்டாயா என்பதோடு, இன்று யாரிடமாவது நேரில் பேசினாயா என்றும் கேளுங்கள்.

கலாச்சார அதிர்ச்சி நோயன்று. நாள்பட நாள்பட பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனச்சோர்வு நீடித்தாலோ, எதிலும் நாட்டமின்றி உறக்கமும் பசியும் கெட்டாலோ அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பது அவசியம். பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் சேவை அமைப்புகள் உளவியல் ஆலோசனை வழங்குகின்றன. விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று தயங்க வேண்டாம். பேசுவதை ரகசியமாகக் காக்க ஆலோசகர்கள் கடமைப்பட்டவர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால் உடனே 112ஐ அழைக்க வேண்டும். இங்கிருந்து தவிக்கும் பெற்றோர் இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.