மேலேறிய இரைப்பையும் இரண்டு உருண்டைக் களியும்

ராகிக் களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது தருமபுரிப் பக்கத்துப் பழக்கம். கிள்ளி, கீரைக் கடைசலில் தோய்த்து வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். காட்டு வேலை முடித்து வந்த பசியில் இரண்டு உருண்டையை இப்படி உள்ளே தள்ளிவிட்டு உடனே பாயில் சாய்கிறவருக்கு ஹையாட்டல் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல்முனை மார்புக்குள் நழுவும் கோளாறு, இருந்தால், நள்ளிரவில் நெஞ்சு எரியும். புளித்த நீர் எதுக்களித்து வரும். பழி ராகியின் மேல் விழுகிறது. குற்றம் அளவிலும் நேரத்திலும்தான் இருக்கிறது என்பேன்.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரை உதரவிதானம். அதிலுள்ள துளை வழியாகத்தான் உணவுக்குழாய் இறங்கி இரைப்பையைச் சேர்கிறது. சேரும் இடத்தில் இரட்டைக் காவல்: உணவுக்குழாயின் அடியில் ஒரு சுருக்குத்தசை, அதை வெளியிலிருந்து நெருக்கும் உதரவிதானத் தசை. வயது, உடற்பருமன், தீராத இருமல், மலச்சிக்கலில் முக்குவது போன்றவற்றால் துளை தளரும்போது இரைப்பையின் மேல்முனை மார்புக்குள் நழுவுகிறது. ஒன்றாக நின்ற இரு காவலும் பிரிந்துபோக, அமிலம் ஏறுகிறது. இந்த நழுவலையும் எதுக்களிப்பையும் இணைத்து 1951இல் விளக்கியவர் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பிலிப் ஆலிசன்.

இரைப்பை நிரம்பி அதன் சுவர் விரியும்போது, சுருக்குத்தசையைத் தளர்த்தச் சொல்லும் நரம்புச் செய்தி கிளம்புகிறது. ஆகவே இரண்டு உருண்டையை இரண்டு வேளையாகப் பிரிப்பது நல்லது. படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். மென்று தின்னும் உணவில் உமிழ்நீர் கூடுதலாகச் சுரக்கும். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கும். விழுங்கும் களியில் இந்த லாபம் குறைவு.

தலையணைகளை அடுக்கிப் படுத்தால் இடுப்பு மடங்கி வயிற்றின் அழுத்தம் கூடும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இடப்பக்கம் ஒருக்களித்தால் உணவுக்குழாயின் வாய் அமிலத்துக்கு மேலே நிற்கும். பாவாடை நாடாவையும் பெல்ட்டையும் தளர்த்துவது, சாப்பிட்ட கையோடு குனிந்து களை பறிக்காமல் இருப்பது, தொப்பையைக் குறைப்பது எல்லாம் அதே அழுத்தக் கணக்குத்தான்.

கைவைத்தியத்துக்கு வருவோம். வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் இதமாக இருந்தால் குடிக்கலாம். புதினா சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடியது. எரிச்சல் உள்ளவருக்கு வேண்டாம். புண்ணான உணவுக்குழாயில் புளி ரசமும் கிருஷ்ணகிரி மாங்காயும் காந்தும். வயிற்றை நிதானமாக உப்பவைத்து மூச்சிழுக்கும் பயிற்சி உதரவிதானத்துக்கு வேலை கொடுப்பதால் எதுக்களிப்பு குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் குடல் தட்டுவதோ, தண்ணீர் குடித்துவிட்டுக் குதிகாலில் குதிப்பதோ இரைப்பையை நிரந்தரமாகக் கீழே இறக்காது. எந்தக் கஷாயமும் அந்தத் துளையைச் சுருக்காது.

விழுங்கவே சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றுக்கு எண்டோஸ்கோபி தேவைப்படும். வீட்டில் காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயு என்று சொல்லி ஓமத்தைத் தேடாமல் உடனே இ.சி.ஜி. எடுக்கப் போய்விடுங்கள்.