நோக்காடு வருவதற்கு முன்னாலேயே போக வேண்டிய பரிசோதனை

"எனக்கென்ன நோக்காடு, நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" நெல்லைச் சீமையில் முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடித்தட்டும் மடியுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று பேச்செடுத்தால் இந்தக் கேள்விதான் வரும். நோக்காடு இல்லாதவர்களுக்காகத்தான் இந்தப் பரிசோதனையே இருக்கிறது.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவு வழியாகப் பரவும். பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்டால்தான் வம்பு. அப்போதும் அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து இருபது வருஷம் எடுக்கும். அவ்வளவு காலமும் வலி இருக்காது. கட்டிய கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். ஆகவே இதை வைத்து யாருடைய நடத்தையையும் எடை போட வேண்டாம்.

30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். வருமானச் சான்றெல்லாம் வேண்டியதில்லை. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் மாதிரி ஒன்றை, பஞ்சால் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். ஊசியோ மயக்க மருந்தோ கிடையாது. கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் நர்ஸ் அக்காவேதான் செய்வார். மாதவிலக்கு நாட்களில் மட்டும் போக வேண்டாம். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளரிடம் கேட்டால் எந்த நாளில் போகலாம் என்று சொல்வார்.

அமிலம் பட்ட இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்; தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்றாகும் முந்தைய நிலை என்றால், அந்த இடத்தைச் சூடு வைத்தோ உறைய வைத்தோ அழித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்று ஏதாவது இருந்தால், ஐந்து வருஷக் கணக்கு பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

திட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரியில் போனால் அந்தக் கூலி போச்சு. அதை யாரும் ஈடுகட்டுவதில்லை. இலை வாங்கவும் பீடி கொடுக்கவும் பெண்கள் கூடுகிற பீடிக்கடைப் பக்கமே முகாம் போட்டால் இன்னும் எத்தனையோ பேர் வருவார்கள்.

சரி, நோய் வந்தே விட்டால் செலவுக்கு என்ன வழி? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸில் அட்டை எடுக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

டவுன் ஜவுளிக்கடையிலோ மில்லிலோ 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை மட்டுமல்ல, சம்பளத்துக்கும் ஏற்பாடு உண்டு. இரண்டு வருஷம் வேலையில் இருந்து, அதில் 156 நாளாவது சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய்க்கு நீட்டித்த நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரை கிடைக்கும். இது தெரியாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

மகள் 9 முதல் 14 வயதுக்குள் இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசிக்கு அதுதான் ஏற்ற வயது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் போடத் தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் 36 கோடி ஒதுக்கியது. ஊசி போட்டவர்களும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு, வீட்டிலேயே பீடி சுற்றுபவர்களானாலும், மத்திய தொழிலாளர் நல அமைப்பு, அரசு அங்கீகரித்த ஆஸ்பத்திரியில் பார்த்த புற்றுநோய்ச் செலவைத் திருப்பித் தரும். இதற்கு பில் முக்கியம். மருந்துச்சீட்டு, ரசீது, டிஸ்சார்ஜ் காகிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்த அட்டையையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.