பின்னோக்குக் கணினியா, பழங்கணினியா?

போன மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு மூலையில் மாணவர்கள் பழைய பென்டியம் கணினி ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். கனத்த பெட்டி மானிட்டர், மஞ்சள் பாரித்த கீபோர்டு, பிளாப்பி டிரைவ், எல்லாம் இருந்தன. பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. மேலே தொங்கிய அட்டையில் 'பின்னோக்குக் கணிமை அறைகூவல்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "ஏம்ப்பா தம்பி, பின்னாடி வர்றத இதுல பாக்கலாமா?" என்று கேட்டார். லாரிக்கும் காருக்கும் பின்பக்கம் கேமரா வைக்கிறார்களே, அதை நினைத்துக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அட்டையில் இருந்த தமிழுக்கு அதுதான் பொருள்.

ரெட்ரோ கம்ப்யூட்டிங் சேலஞ்ச் என்பதைத்தான் யாரோ அப்படித் தமிழாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்கள் எழுதும் கட்டுரைகளிலும் இந்தப் 'பின்னோக்கு' அடிக்கடி கண்ணில் படுகிறது. இதற்கு மேலும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சங்கதி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். காலம் கடந்துபோன கணினிகளைத் தூக்கிப் போடாமல், பழுது பார்த்து, ஓட்டி, அவற்றில் வேலையும் செய்து பார்ப்பது உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கு. 1982இல் வந்த கமோடோர் 64, 1984இல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ போன்றவற்றை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் தங்களுக்குள் ஒரு கெடு வைத்துக்கொள்வதுதான் சேலஞ்ச். மார்ச் மாதத்தோடு ஆப்பிளின் மாக்கின்டாஷ் கணினியைக் கோத்து 'மார்ச்சின்டாஷ்' என்றும், செப்டம்பரோடு டாண்டி நிறுவனக் கணினியைக் கோத்து 'செப்டாண்டி' என்றும் பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 2021 ஜூலையில் தொடங்கிய 'ஓல்ட் கம்ப்யூட்டர் சேலஞ்ச்' முதல் முறை வைத்த விதி இன்னும் எளிது: ஒரு வாரம், செயலியில் ஒரே கோர், 512 எம்பி நினைவகம். அதற்குள் உங்கள் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

தர்மபுரியில் நாங்கள் நான்கு பேர் அந்த விதியை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். என் பங்குக்கு ஒரு பென்டியம் 3, விண்டோஸ் 98. சுவிட்சைப் போட்டதும் படம் வரவில்லை, நீளமாக பீப், பீப் என்று கத்தியது. நினைவக அட்டையான ராமைக் கழற்றி, அதன் அடியில் பொன்னிறமாக இருக்கும் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தித் தேய்த்தேன். கறுப்பாகத் துகள் உதிர்ந்தது. ஊதிவிட்டுத் திரும்பச் செருகினேன். இரண்டு பக்கக் காதும் 'டக்' என்று ஏறி உட்கார்ந்ததும் கத்தல் நின்றது. போர்டில் இருந்த சிஆர் 2032 பட்டன் செல் செத்துப்போயிருந்ததால் தேதி மட்டும் பழைய காலத்திலேயே நின்றது. புது செல் போட்டுத் தேதியைத் திருத்தியதும் அதுவும் சரி. இந்தத் துகளும் 'டக்' சத்தமும் சொல்லுக்குள் வர வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் சொல் இதற்கு எதிராக நிற்கக் கூடாது.

சொல் வரலாறு சுருக்கம்தான். 'ரெட்ரோ' இலத்தீனில் 'பின்னால், பின்பக்கமாக'. பிரெஞ்சுக்காரர்கள் 1970களில் பழைய பாணி உடைக்கும் அலங்காரத்துக்கும் அதைச் சொல்லத் தொடங்கி, அங்கிருந்து ஆங்கிலத்தில் பரவியது. இப்போது அதன் பொருள் 'போன காலத்துப் பாணி'. திசை அதில் செத்துப்போய்விட்டது. இலத்தீன் அகராதியின் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடிவைத்தவர்களுக்குத்தான் 'பின்னோக்கு' கிடைக்கிறது.

பின்னோக்கு என்றால் தமிழில் என்ன? பின்புறமாகப் பார்ப்பது. யார் பார்ப்பது? மனிதன். பின்னோக்கிப் பார்த்தான், நினைவைப் பின்னோக்கிச் செலுத்தினாள் என்பதெல்லாம் நல்ல தமிழ். கணினி பின்னோக்குவது எப்படி? அதன் வயதைப் பற்றி அந்தச் சொல்லில் ஓர் அசைகூட இல்லை. அந்தப் பெரியவருக்குக் கேமரா நினைவுக்கு வந்ததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. கணினித் துறையிலேயே 'பின்னோக்கு' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. புதிய கருவி பழைய கருவியின் நிரலையும் ஏற்று ஓட்டுவதைப் பின்னோக்கு இணக்கம் என்று எழுதிவருகிறோம். 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2, முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளையும் ஓட்டியது. அது பின்னோக்கு இணக்கம். இங்கே திசைக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது, அதனால் சொல் பொருந்துகிறது. இப்போது 'பின்னோக்குக் கணினி' என்று எழுதினால் வாசிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்? பழைய நிரல்களை ஓட்டும் புதுக் கணினியையா, பழைய கணினியையேவா? இரண்டும் நேர் எதிர். ஒரே பத்தியில் இரண்டையும் எழுத வேண்டி வந்தால் அந்தப் பத்தி யாருக்கும் விளங்காது. நான் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க்காரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்தங்கிய மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 'பின்' என்று தொடங்கும் பெயரை ஒரு பொருளுக்குக் கொடுத்தால் அது என்ன நிறத்தோடு காதில் விழும் என்று எங்களுக்குத் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய கணினியைத் தன் கையால் எழுப்பி ஓடவைத்த மாணவன் எதிலும் பின்னால் இல்லை. அவன் அட்டையில் அந்தச் சொல்லை ஏற்றியது எனக்கு வலித்தது.

சரி, வேறு சிலர் 'தொன்மைக் கணினி', 'தொல்கணினி' என்கிறார்கள். பின்னோக்கைவிட இது எவ்வளவோ மேல், காலமாவது இருக்கிறது. ஆனால் தொல் என்பது நமக்குத் தொல்காப்பியத்தின் தொல், தொல்லியலின் தொல். தொல்கணினி என்றதும் கீழடிக் குழிதான் கண்முன் வருகிறது. 1901இல் கிரேக்கக் கடலடியிலிருந்து எடுத்தார்களே, பல்சக்கரங்களால் கோள்களின் நிலையைக் கணக்கிடும் ஆன்டிகித்தெரா கருவி, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வயதுள்ளது, அதற்குத் 'தொல்கணினி' என்று பெயர் வையுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். என் அக்கா கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய பென்டியம் 3ஐத் தொல்பொருள் ஆக்க வேண்டாம்.

கையில் 'பழம்' என்ற அருமையான முன்னொட்டு இருக்கும்போது இவர்கள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்று புரியவில்லை. பழந்தமிழ், பழம்பாடல், பழங்கதை, பழஞ்சோறு. பழமை என்ற பண்புப்பெயரில் 'மை' போய், வரும் எழுத்துக்கு இனமான மெல்லெழுத்து மிகுகிறது. நன்னூல் 'இனமிகல்' என்று சொல்லும் அதே விதி. பழமையும் கணினியும் சேர்ந்தால் பழங்கணினி. புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை, மொழி தானே செய்து கொடுக்கிறது.

இதை நான் சொன்னபோது நண்பர் ஒருவர், "அண்ணா, பழங்கணினின்னா ஆப்பிள் கம்ப்யூட்டர்னு நினைச்சுக்குவாங்க" என்றார். நினைக்க மாட்டார்கள். பழம் விற்கும் கடை பழக்கடை. பழமையான கடை பழங்கடை. ஒரே ஒரு ஒற்று பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. க் போட்டு யாராவது பழக்கணினி என்று எழுதினால் அன்றைக்கு ஆப்பிளைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

'பழைய கணினி' என்றே எழுதினால் என்ன என்றும் கேட்கலாம். எழுதலாம், பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் பழைய கணினி என்பது ஒருவர் கைமாறி வந்ததையும் குறிக்கும். போன வருடம் வாங்கி இந்த வருடம் விற்றாலும் அது பழைய கணினிதான். பழைய பேப்பர், பழைய இரும்பு என்று கூவிக்கொண்டு போகும் வண்டியிலும் அது ஏறும். பழந்தமிழுக்கும் பழைய தமிழ்ப் புத்தகத்துக்கும் உள்ள தூரம் இங்கேயும் இருக்கிறது.

'வின்டேஜ்' என்பதற்கும் இதே சொல் பொருந்தும். அது திராட்சை அறுவடையிலிருந்து வந்தது. இலத்தீனில் 'விண்டேமியா', திராட்சை பறித்தல். எந்த ஆண்டு பறித்த திராட்சையில் வந்த மது என்று சொல்லத் தொடங்கி, வயது ஏற ஏற மதிப்புக் கூடும் பொருளுக்கெல்லாம் ஆகிவிட்டது. நம்மிடம் திராட்சை மது இல்லையே என்று ஒருவர் எழுதியிருந்தார். புளி இல்லையா? தர்மபுரி, கிருஷ்ணகிரிச் சாலையோரம் முழுக்கப் புளியமரம். புதுப்புளி சிவப்பாக இருக்கும். வருடம் திரும்பினால் கறுத்து, அது பழம்புளி. மீன் குழம்புக்குப் பழம்புளிதான் வேண்டும் என்று என் அம்மா பானையிலிருந்து எடுப்பார்கள், வைத்தியர்களும் மருந்துக்கு அதைத்தான் கேட்பார்கள். 'பழம்' என்றால் கழித்துக்கட்ட வேண்டியது என்று நம் மொழி ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் ஒன்று. ஆங்கிலத்தில் ரெட்ரோவும் வின்டேஜும் ஒன்றல்ல. 2018இல் கமோடோர் 64 போலவே சின்னதாக ஒரு புதுக் கருவி செய்து விற்றார்கள். உருவம் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. அது பழங்கணினி ஆகாது. அதைப் பழம்பாணிக் கணினி என்று சொன்னால் குழப்பம் தீர்ந்தது. இந்தப் பிரிவைப் பின்னோக்கு என்ற சொல்லை வைத்துக்கொண்டு செய்து காட்டட்டும் பார்க்கலாம்.

அப்புறம் 'கம்ப்யூட்டிங்' பகுதி. கணிமை என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை, தமிழ்க் கணிமை என்று மாநாட்டில் சொல்லலாம். இங்கே நடப்பது வேறு. எங்கள் வீடுகளில் புழங்குகிற பாத்திரம், எடுத்துவைத்த பாத்திரம் என்று இரண்டு வகை உண்டு. பித்தளை அண்டா பரணில் இருந்தால் எடுத்துவைத்தது. அதையே இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, ஈயம் பூசி, அடுப்பில் ஏற்றினால் புழங்குவது. கண்ணாடிக்குள் வைத்த கணினி முதல் வகை. ரப்பர் போட்டுத் தேய்த்து எழுப்பிய என் பென்டியம் இரண்டாம் வகை. ஆகவே ரெட்ரோ கம்ப்யூட்டிங் என்பது பழங்கணினிப் புழக்கம்.

இந்த வேறுபாட்டை எங்கள் ஊர் முன்பே கேட்டிருக்கிறது. தர்மபுரிதான் பழைய தகடூர். தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் புறநானூற்று 95ஆம் பாட்டில் சொல்வது இதைத்தான்: உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன, அவன் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறைச் சிறுகுடிலில் கிடக்கின்றன. பட்டறையில் கிடப்பதற்குக் காரணம் புழக்கம்.

அந்த வாரத்தில் எங்களுக்கும் ஒரு நல்ல வேலை அமைந்தது. நண்பரின் அப்பா அச்சகம் வைத்திருந்தவர். அவருடைய பிளாப்பிகளைப் புது மடிக்கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாக வரும். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்தவை அவை. என் விண்டோஸ் 98 கணினியில் அந்த எழுத்துரு இருந்தது. பிளாப்பி கடகடவென்று சுற்றி, ஒரு மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் முழுத் தமிழில் வந்து நின்றது. நண்பர் தன் அப்பாவுக்குப் போன் போட்டு வரி வரியாக வாசித்துக் காட்டினார். இன்றைய இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அந்தக் கணினியின் பழைய உலாவியில் திறக்கவில்லை, அதற்கான பாதுகாப்பு முறைகள் அதற்குத் தெரியாது. அந்த அழைப்பிதழ் திறந்தது.

கடைசியாக 'அறைகூவல்'. அறைகூவுவது என்றால் எதிரியைப் போருக்குக் கூப்பிடுவது. இங்கே எதிரி யார்? தானே தனக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வதுதான் நடக்கிறது. நோன்பு என்ற சொல்கூட எனக்கு ஆசையாக இருந்தது, நாள் கணக்கும் கட்டுப்பாடும் அதில் இருக்கின்றன. ஆனால் கணினி நோன்பு என்றால் கணினியைத் தொடாமல் இருப்பது என்று ஆகிவிடும். சவால் என்பது அரபியில் 'கேள்வி', உருது வழியாக வந்து இங்கே பொருள் மாறி, நம் வாயில் முழுசாகத் தமிழாகிவிட்டது. தனித்தமிழ் வேண்டும் என்கிறவர்கள் இதற்கு ஒரு சொல் தரட்டும், போருக்குக் கூப்பிடாத சொல்லாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் பழங்கணினிச் சவால்தான்.

மொழிபெயர்க்கிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். சொல்லை அகராதியில் தேடும் முன்னால் பொருளைப் போய்ப் பாருங்கள். கீபோர்டைத் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் உங்கள் சொல்லைச் சொல்லி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். கூட்டுச்சொல் மூன்று, நான்கு என்று நீண்டுகொண்டே போய், கடைசியில் வாசிப்பவர் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போகிறார் என்றால், அந்தத் தமிழாக்கம் தமிழுக்குத்தான் கெடுதல் செய்கிறது.

கண்காட்சியில் அந்த மாணவனிடம் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. பழங்கணினி என்று எழுதலாமே தம்பி என்று மட்டும் சொன்னேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். மதியம் திரும்ப வந்தபோது அட்டையைத் திருப்பிப் போட்டு ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தான்: 'பழங்கணினி. தொட்டுப் பார்க்கலாம்.' காலையில் கேட்ட அதே பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தன் பெயரை அடித்துக்கொண்டிருந்தார்.