எத்தனை மணி நேரம் என்பதற்கு முன், எந்த விளையாட்டு என்று கேளுங்கள்

பதின்ம வயதுப் பிள்ளைகளை ஆலோசனைக்கு அழைத்து வரும் பெற்றோர்கள் என்னிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரு மணிக்கணக்கைத்தான். "நாளைக்கு அஞ்சு மணி நேரம் கேம் விளையாடுறான் மேடம்" என்பார்கள். எந்த கேம் என்று கேட்டால் தந்தை தாயைப் பார்ப்பார், தாய் பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளை படிக்கிறான் என்றால் என்ன பாடம், எந்த ஆசிரியர் என்பதுவரை தெரிந்து வைத்திருக்கும் அதே பெற்றோர், விளையாட்டு என்று வரும்போது எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆவது பதிப்பு, கேமிங் கோளாறை ஒரு நோய்நிலையாகச் சேர்த்திருக்கிறது. அதில் மணிக்கணக்கு அளவுகோலே இல்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் தன் பிடி தளர்ந்து போவது, படிப்பு, உறக்கம், உறவு ஆகியவற்றையெல்லாம் பின்தள்ளி விளையாட்டே முதலிடம் பிடிப்பது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது ஆகிய இவைதான் அளவுகோல்கள். அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாத காலமாவது நீடித்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவியும் இருக்கிறது. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் தொழில்நுட்பப் பழக்கச் சிக்கல்களுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு இயங்கி வருகிறது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு நோய் கிடையாது. அவர்கள் கையில் இருக்கும் விளையாட்டுதான் மோசமாக அமைந்திருக்கிறது.

மோசம் என்று நான் சொல்வது துப்பாக்கியையோ ரத்தத்தையோ மட்டும் அல்ல. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளில் பல, பிள்ளை விளையாடாத நேரத்திலும் அவன் மீது வேலை செய்கின்றன. இன்று உள்ளே வரவில்லையென்றால் தொடர் வருகைக்கான பரிசு போய்விடும். இந்த உடை இன்னும் இரண்டு நாள்தான் கிடைக்கும். இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பணம் கட்டித் திறந்த பிறகுதான் தெரியும். இந்த 'லூட் பாக்ஸ்' ஏற்பாட்டில் பணம் கட்டித் திறப்பவற்றைச் சூதாட்டம் என்றே பெல்ஜியத்தின் சூதாட்ட ஒழுங்குமுறை அமைப்பு 2018-இல் முடிவு செய்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்பதையெல்லாம் விளையாட்டே தீர்மானித்து வைத்திருக்கிறது. பிள்ளை அதற்குக் கட்டுப்பட்டு ஓடுகிறான். நிறுத்தச் சொன்னால் அவன் சீறுவதற்குப் பிடிவாதம் மட்டுமே காரணமல்ல, அந்த நொடியில் அவனுக்கு உண்மையாகவே ஏதோ பறிபோகிறது.

இதற்கு நேர் எதிரான அமைப்புக்கு எடுத்துக்காட்டாக ஒரு விளையாட்டைப் பெற்றோர்களுக்கு நான் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதுண்டு. அது நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்'. ஸ்விட்ச், வீ யூ ஆகிய கன்சோல்களுக்காக (அந்நிறுவனத்தின் விளையாட்டுக் கருவிகள்) வந்த சாகச விளையாட்டு. இயக்கியவர் ஹிடேமாரோ ஃபுஜிபயாஷி, தயாரித்தவர் எய்ஜி அவோனுமா. பெற்றோர்கள் இதை விளம்பரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே இயல்புகள் உள்ள, விரும்பிய திசையில் சுற்றித் திரிய விடும் பிற 'ஓப்பன் வேர்ல்ட்' விளையாட்டுகளும் இருக்கின்றன. நான் நன்கு அறிந்தது இது.

கதை எளியது. லிங்க் என்ற வீரன் நூறாண்டு உறக்கத்துக்குப் பின் ஒரு குகையில் நினைவிழந்த நிலையில் கண்விழிக்கிறான். வெளியே ஓடி வந்தால் ஒரு பாறை முனை. அங்கிருந்து காடு, எரிமலை, தொலைவில் கரும்புகை சூழ்ந்த கோட்டை என எல்லாம் தெரிகின்றன. தெரிகிற இடங்களுக்கெல்லாம் நடந்தும் ஏறியும் போய்விடலாம். தொடக்கத்தில் சுற்றிலும் செங்குத்துப் பாறைகளால் சூழப்பட்ட ஒரு பீடபூமியில் சில அடிப்படைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும்; அதன் பிறகு காற்றில் மிதந்து இறங்க ஒரு பாராகிளைடர் கிடைக்கிறது. அந்தக் கணத்திலேயே கடைசிப் பகைவனைத் தேடிக் கோட்டைக்குப் போவதென்றாலும் போகலாம், தடுக்க யாருமில்லை. கைதேர்ந்தவர்கள் முழு விளையாட்டையும் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். சாதாரணமாக விளையாடுகிறவர்களுக்கோ கதையை முடிக்கவே சுமார் ஐம்பது மணி நேரம் ஆகும்.

என் ஆலோசனை அறையில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. பேசத் தயங்கும் பிள்ளைகளோடு பேச்சைத் தொடங்க அதைப் பயன்படுத்துகிறேன். குகையை விட்டு வெளியே வந்ததும் ஒவ்வொருவரும் செய்வதைக் கவனித்தால் வேறெந்தக் கேள்வித்தாளும் காட்டாத சில விஷயங்கள் தெரியவரும். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும், மதிப்பெண்ணில் எப்போதும் முன்னணியில் நிற்கும் ஒரு மாணவி (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) அந்தப் பாறை முனையில் லிங்கை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப எங்க போகணும் மேடம்?"

"உனக்கு எங்க போகணும்னு தோணுதும்மா?"

"அப்படி இல்ல மேடம். எது கரெக்ட்?"

தவறு செய்யவே இடம் கொடுக்காத பாடமுறையில் வளர்ந்த பிள்ளைகளிடமிருந்து இந்தக் கேள்வியை நான் அடிக்கடி கேட்கிறேன். திரையில் அம்புக்குறி வரும் என்று காத்திருப்பார்கள். இறுதியில் அந்த மாணவி சற்றுக் கீழே நெருப்பருகே உட்கார்ந்திருந்த முதியவரை நோக்கிப் போனார். போகிற வழியில் காளான் ஒன்றைப் பறித்தார். பிறகு முதியவரை மறந்துவிட்டுக் காளான்களைத் தேடிக் காட்டுக்குள் போய்விட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அன்று அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அந்தப் பீடபூமியில் ஒரு பனிமலை இருக்கிறது. சாதாரண உடையோடு ஏறினால் குளிரில் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இதற்கு என்ன செய்வது என்று விளையாட்டு பாடம் எடுப்பதில்லை. அருகே ஒரு மிளகாய்ச் செடி இருக்கிறது. மிளகாயைப் பச்சையாகத் தின்றால் குளிர் தாங்காது. நெருப்பின் மேலிருக்கும் சட்டியில் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டால் சில நிமிடங்களுக்குத் தாங்கும். தீப்பந்தத்தைக் கையில் பிடித்தபடி ஏறினாலும் வெப்பம் கிடைக்கும். முதியவரின் குடிசையில் கிடக்கும் நாட்குறிப்பைப் படித்தால், ஒரு சமையல் குறிப்பில் ஒரு பொருளை மட்டும் அவர் மறந்திருப்பது தெரியும். அது என்னவென்று ஊகித்துச் சமைத்துக் கொடுத்தால் அவர் தன் கம்பளிச் சட்டையைத் தந்துவிடுவார். இவை எதுவும் வேண்டாம் என்று பை நிறைய ஆப்பிளைத் திணித்துக்கொண்டு, உயிர் குறையக் குறையத் தின்றபடியே மலையேறும் பிள்ளைகளும் உண்டு. அதுவும் செல்லும். ஒரே கணக்குக்கு நான்கு வழி, நான்குக்கும் முழு மதிப்பெண் என்பது நம் பிள்ளைகள் பலருக்கு முதல் அனுபவம்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. 2017-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஃபுஜிபயாஷியும் அவருடைய குழுவினரும் இதை விளக்கினார்கள். ஒவ்வொரு தடைக்கும் ஒரு விடையைக் கையால் எழுதி வைப்பதற்குப் பதிலாக, நெருப்பு, நீர், காற்று, மின்சாரம் போன்றவை பொருள்களின் மீது எப்படி வினைபுரியும் என்ற சில விதிகளை மட்டும் உலகம் முழுவதற்கும் பொதுவாக வகுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் வேதியியல் இயந்திரம். காய்ந்த புல்லில் நெருப்புப் பட்டால் பரவும். பரவினால் அனல் மேலெழும். அனல் எழுந்தால் பாராகிளைடரை விரித்து மேலே போகலாம். உலோகத்தில் மின்சாரம் பாயும் என்பதால், இடி இடிக்கும்போது இரும்பு வாளை முதுகில் சுமந்து திரிந்தால் மின்னல் தாக்கும். அதே விதியைப் பயன்படுத்தி, மின்சுற்றை முழுமையாக்க வேண்டிய புதிர் ஒன்றில் அங்கே தரப்பட்டிருக்கும் உலோகப் பெட்டியைத் தேடி அலையாமல், தன் வாள்களை வரிசையாகத் தரையில் கிடத்தி மின்சாரத்தைக் கடத்திவிடலாம். இதைத் தானாகவே கண்டுபிடித்த ஒரு எட்டாம் வகுப்புப் பையன், ஏதோ தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டவனைப் போல என்னைப் பார்த்தான். இதுவும் சரியான விடைதான் என்று அவனை நம்ப வைக்கச் சற்று நேரம் ஆனது.

பெரும்பாலான வாள்கள் சில சண்டைகளில் உடைந்து நொறுங்கிவிடும் என்பது இந்த விளையாட்டின் மீது பலர் வைக்கும் குறை. பொழுதுபோக்குக்காக விளையாடும் பெரியவர்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆலோசகராக எனக்கு அது பொக்கிஷம். நல்ல வாளைப் 'பிறகு தேவைப்படும்' என்று பத்திரப்படுத்தி, ஒடிந்த கொம்பால் சண்டையிட்டுத் தோற்று, கடைசிவரை அந்த வாளை எடுக்காமலே இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரிந்த பதிலைக்கூட வகுப்பில் எழுந்து சொல்லத் தயங்குகிறவர்களாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். தென்கிழக்குக் கடலில் ஒரு தீவு இருக்கிறது. அதில் கால் வைத்த உடனே உடை, ஆயுதம், உணவு எல்லாம் பறிக்கப்படும். கரையில் கிடக்கும் கட்டையையும் மரத்திலிருக்கும் பழத்தையும் கொண்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல்முறை பிள்ளைகளுக்குக் கோபம் வரும். ஆனால் கைப்பொருள் போனாலும் கற்றது போகவில்லை என்பது சிறிது நேரத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

சேகரிக்கும் வெறியை இந்த விளையாட்டு கையாளும் விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. உலகம் முழுவதும் கோரோக் என்ற சிறு வன உயிர்கள் 900 இடங்களில் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விதை தரும். ஆயுதப் பையை முழுமையாகப் பெரிதாக்க 441 விதைகளே போதும். யார் எந்தத் திசையில் போனாலும் வழியில் ஏதாவது தட்டுப்பட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை. இருந்தாலும் ஒன்று விடாமல் 900-ஐயும் சேர்த்து வருகிறவர்களுக்கு விளையாட்டு தரும் பரிசு, பொன்னிறத்தில் சாணம் போன்ற ஒரு சுருள் உருண்டை. அதனால் எந்தப் பயனும் இல்லை. இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டாய் என்று தன் பக்தர்களையே கிண்டல் செய்யும் துணிவு, தினமும் வந்து போகச் சொல்லும் கைப்பேசி விளையாட்டு எதற்கும் வராது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கிளெமென்சன், ஸ்டார்க் ஆகிய இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வீடியோ கேம் பழக்கமில்லாத மாணவர்களில் ஒரு குழு இரண்டு வாரம், நாளுக்கு அரை மணி நேரம், முப்பரிமாண மாரியோ விளையாட்டை விளையாடியது. மற்றொரு குழு தட்டையான 'ஆங்ரி பேர்ட்ஸ்' விளையாடியது. முப்பரிமாண உலகில் சுற்றியவர்களின் நினைவாற்றல் சோதனை முடிவுகள் மேம்பட்டன, மற்றவர்களுடையவை மேம்படவில்லை. புதிய இடங்களை மனத்தில் வரைந்துகொள்ளும் வேலை, மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியோடு தொடர்புடையது என்பதால் இது வியப்பில்லை. மறுபுறம், 2022-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு விளையாட்டுகளைச் சேர்ந்த சுமார் 39,000 பேரின் உண்மையான விளையாட்டு நேரத்தைக் கொண்டு ஆராய்ந்தபோது, நேரம் கூடுவதாலோ குறைவதாலோ மனநலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. எந்த மனநிலையோடு விளையாடினார்கள் என்பதற்கே கூடுதல் தொடர்பு இருந்தது. எனவே இந்த விளையாட்டை விளையாடினால் மதிப்பெண் கூடும் என்றோ பதற்றம் நீங்கும் என்றோ நான் எழுதித் தரமாட்டேன். இது மருந்தல்ல. நல்ல பொழுதுபோக்கு என்பதே போதுமான தகுதி.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஐரோப்பிய வயது மதிப்பீடு 12-க்கு மேல் என்றும், அமெரிக்க மதிப்பீடு 10-க்கு மேல் என்றும் சொல்கின்றன. அரக்கர்களோடு வாள் சண்டை உண்டு, ரத்தம் தெறிப்பதில்லை. தமிழில் இல்லை. உரையாடல்களில் பெரும்பகுதி குரலாக இல்லாமல் எழுத்தாகவே வருவதால், ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். அப்படி உட்காருவதை நான் குறையாக நினைக்கவில்லை. கன்சோலும் விளையாட்டும் விலை குறைந்தவை அல்ல. ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் உள்ளே பணம் கேட்கும் பெட்டிகள் கிடையாது. தனியே விற்கப்படும் கூடுதல் பகுதி விருப்பமிருந்தால் மட்டுமே, அது இல்லாமலே கதை முழுமையாக இருக்கிறது.

நேரக் கட்டுப்பாட்டுக்கு நின்டெண்டோவின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியை உங்கள் கைப்பேசியில் நிறுவிக்கொள்ளலாம். நேரம் முடிந்ததும் திரையில் அறிவிப்பு மட்டும் காட்டவும், விளையாட்டையே நிறுத்திவிடவும் அதில் வசதி உண்டு. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். இந்த விளையாட்டில் ஏறத்தாழ எந்த இடத்திலும் சேமித்துவிட்டு எழுந்துவிடலாம், நாளை வந்தாலும் அடுத்த மாதம் வந்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும்; எழுந்திருக்கும் முடிவைப் பிள்ளையே எடுக்கப் பழகட்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் கன்சோலில் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். ஒரே கணக்கில் தம்பி புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் அக்காவின் பயணம் அதன் மேலேயே அழிந்துவிடும். அந்தப் பஞ்சாயத்தை என் அறைவரை கொண்டு வந்த குடும்பங்கள் உண்டு.